ஆசனம் தேடாத் தலைமை

அண்மையில் வடபகுதிப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இடைவேளையின்போது ஆசிரியர் அறையில் உரையாடிக்கொண்டிருக்கையில் ஓர் இளம் ஆசிரியர் தம் மனக்குறையை வெளியிட்டார். அவர் கற்பிக்கும் ஆறாந் தர வகுப்பிலே ஒரு சிறுவன். பின் வாங்கில் இருப்பவன். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அறியான். ஐந்து ஆண்டுகளில் ஐந்து வகுப்புக்களைக் கடந்து வந்துவிட்டான். "இதற்கு நீங்கள் என்ன செய்யக் கருதியிருக்கிறீர்கள்?" என்று வினவினேன். "நான் என்ன செய்ய முடியும், சேர்? இது அதிபர் பார்க்கவேண்டிய காரியம். நான் ஒரு சாதாரண ஆசிரியன்தானே" என்றார்.

இவ்விடை சோம்பலிற் பிறந்ததன்று, பணிவிற் பிறந்தது. ஆயினும் அந்தப் பணிவு அச்சிறுவனின் ஆறாவது ஆண்டையும் விழுங்கிவிடும் என்பதை எண்ணும்பொழுதுதான் நெஞ்சம் துணுக்குறுகின்றது. தலைமை என்பது நியமனக் கடிதத்தோடு வருவது, அதிபரின் நாற்காலியிலும் கல்விப் பணிப்பாளரின் மேசையிலும் மாத்திரம் உறைவது என்ற நினைப்பு நம் ஆசிரியர் உலகிலே வேரூன்றிவிட்டது. நம் முன்னோர் இவ்வாறு நினைத்திலர். நல்லாசிரியனின் இயல்பை உரைக்கப் புகுந்த நன்னூலார், நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையே உவமையாக எடுத்தார். நிலத்துக்கு யார் பதவி கொடுத்தார்? நிறைகோலுக்கு எந்தப் பட்டம் வேண்டும்? தன் இயல்பினாலே தாங்குவது நிலம். தன் நடுவுநிலையினாலே ஐயம் தீர்ப்பது நிறைகோல். ஆசிரியனின் தலைமையும் அத்தகையதே.

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று பகரும். 1924ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பிற்காலத்தில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் ஹன்டி பேரின்பநாயகம். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே ஆசிரியராகப் பணிபுரிந்த அவருக்கு அரசியற் பதவியும் இல்லை, செல்வச் செழிப்பும் இல்லை. அவரைச் சூழ்ந்து நின்றோரும் பெரும்பாலும் ஆசிரியர்களும் மாணவர்களுமே. 1927 நவம்பரிலே காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது வரவேற்க முன்னின்றவர்கள் இவர்களே. சாதிக்கொடுமையை ஒழித்தல், தாய்மொழியைப் போற்றுதல், நாட்டுக்குப் பூரண சுயாட்சி வேண்டுதல் ஆகியவற்றை மேடையில் முழங்கியதோடு இவர்கள் அமைந்துவிடவில்லை, வகுப்பறைக்கும் கொண்டுசென்றனர்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றிலே தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை. தரையில் இருந்தும், புறம்பாக ஒதுங்கியும் கற்றனர். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், உதவிப் பணம் பெறும் பாடசாலைகளிலே யாவருக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. கடும் எதிர்ப்பும் கிளம்பியது. கட்டளையைப் பிறப்பிப்பது மேலிடத்தின் வேலை. ஆயின், தரையில் இருந்த பிள்ளையைக் கைபிடித்து எழுப்பி வாங்கில் இருத்தவேண்டியவர் யார்? ஊரார் முகம் சுளிக்க, பெற்றோர் சிலர் சினந்து வர, அந்த வாங்கின் அருகிலே அசையாது நிற்கவேண்டியவர் யார்? வகுப்பாசிரியரேயன்றோ! சுற்றுநிருபம் வாயில்வரையுந்தான் வரும். அதற்கு அப்பால் அதனை நடத்திச் செல்வது ஆசிரியரின் நெஞ்சுரமே.

இவ்வியக்கத்தார் பிழையே செய்யாதவர்கள் என்று புகழ்வது உண்மைக்கு மாறாகும். 1931இலே டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சியைத் தரவில்லை எனக் கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வாலிபர் காங்கிரஸ் கோரியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாயின. 1934ஆம் ஆண்டிலேயே அவை நிரப்பப்பட்டன. சர்வசன வாக்குரிமை முதன்முதலாகக் கிடைத்த அத்தேர்தலிலே அந்நான்கு தொகுதிகளின் பெண்களும் ஏழை மக்களும் வாக்களிக்க இயலாது போயிற்று. அப்பகிஷ்கரிப்பின் பயன் பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பட்டமின்றித் தலைமை தாங்குவோர் தம் சொல்லுக்கு வலிமை உண்டென்பதை உணர்தல் வேண்டும். உணர்ந்தால் அதன் விளைவுக்கும் தாமே பொறுப்பென்பதை மறவார். "நான் சாதாரண ஆசிரியன்" என்று ஒதுங்குபவர் தம் வலிமையை மாத்திரம் மறுக்கவில்லை. தம் பொறுப்பையும் மறுக்கிறார்.

ஹன்டி பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். மாணவர் காங்கிரஸ் தோன்றிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே அந்த நாற்காலி வந்தது. தலைமை முந்தியது; பதவி பிந்தியது.

இது பழங்கதை என்று கூறுவாரும் உளர். அவர்கள் 1995ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றனர். வீடிழந்து, பொருளிழந்து நின்ற ஆசிரியர்கள், பிறர் பாடசாலைகளில் மாலை வேளைகளிலும், இடம் கிடையாதபோது மரநிழலிலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். அந்நாளில் ஒவ்வொருவரும் மேலிடத்துக் கட்டளைக்குக் காத்திருந்திருப்பின் ஒரு தலைமுறையின் கல்வியே பாழாகியிருக்கும்.

இன்று நம்மை எதிர்நோக்குவன இத்துணைப் பெரிய சோதனைகள் அல்ல. புதிதாக வந்த ஆசிரியருக்குத் தம் பாடக்குறிப்பைக் காட்டுதல். தம் வகுப்பறைக் கதவைத் திறந்து, "வந்து பாருங்கள், குறை கூறுங்கள்" எனச் சக ஆசிரியரை அழைத்தல். ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் மௌனமாயிருக்கும்போது பிள்ளைகளின் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசுதல்: தலைமை இவ்வளவே. இவற்றுக்கு நியமனக் கடிதம் வேண்டியதில்லை. அதிபரின் அதிகாரத்தைப் பறிப்பதும் இதுவன்று. நல்ல அதிபர் இத்தகையோரையே நாடி நிற்பார்.

அந்த இளம் ஆசிரியரிடம் நான் நீண்ட உபதேசம் செய்யவில்லை. "அவனை அதிபர் தினமும் காண்பதில்லை, நீங்கள் காண்கிறீர்கள்" என்று மாத்திரம் சொல்லி விடைபெற்றேன். அடுத்த தவணையில் மீண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. பாடசாலை விட்ட பின்னர் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் சூழ்ந்திருக்க அவர் அமர்ந்திருந்தார். வேறு இரு ஆசிரியைகளும் ஆளுக்கொரு பிள்ளையை வைத்து வாசிப்பித்துக்கொண்டிருந்தனர். எவரும் அவர்களைப் பணிக்கவில்லையாம். அவர் இருப்பதைக் கண்டு தாமாகவே வந்து அமர்ந்தனராம்.

அந்தச் சிறுவன் ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி வாசித்தான். ஒரு வரி முடிய நெடுநேரம் ஆயிற்று. ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை.