ஐந்து மாதம் நிற்கப்போகும் கார்

நவம்பர் பிறந்தால் ஒன்டாரியோவில் உப்பு லாரிகள் தயாராகிவிடும். பனி விழும் முன்பே நெடுஞ்சாலைகளில் உப்புக் கரைசல் தெளிப்பதும் உண்டு. வண்டி வழுக்காமல் இருக்க அது வேண்டியதுதான். ஆனால் அதே உப்பு காரின் அடியில் ஒட்டி, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்துவிடும். ஆசைப்பட்டு வாங்கிய பழைய காரையோ ஸ்போர்ட்ஸ் காரையோ வைத்திருப்பவர்கள் ஏப்ரல் வரை அதைச் சாலைக்குக் கொண்டுவராததற்கு முதல் காரணம் இதுதான். கியூபெக்கில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

இப்படிக் காரை நிறுத்துபவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள்: “வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வை.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் காருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. நெடுந்தூரம் ஓடும் கார் அதை ஆவியாக வெளியே தள்ளிவிடும். மைனஸ் 15 டிகிரியில், நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடும் எஞ்சின் முழுச்சூட்டை எட்டுவதே இல்லை. ஆவி குளிர்ந்து சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அதற்குள் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. கராஜ் கதவு மூடியிருந்தாலோ கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். ஒழுங்காகத் தயார் செய்து நிறுத்துங்கள். அதன்பின் சாவியைத் தொடாதீர்கள்.

ஆயிலை வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் பலர். நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுவதே சரி. ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஐந்து மாதமும் அது பேரிங்குகளின் மேல் படிந்திருக்க விடக்கூடாது. கூலன்ட்டையும் சோதிக்க வேண்டும். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும்.

பெட்ரோல் டேங்கை நிரப்பிவிடுங்கள். இங்கே கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் சுமார் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமில்லை. பெட்ரோல் கெடாமலிருக்க விற்கும் ஸ்டெபிலைசரை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பி, காரை வீடுவரை ஓட்டி வாருங்கள். அப்போதுதான் மருந்து இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதையும் அந்தக் கடைசி ஓட்டத்துக்கு முன்பே முடித்துவிட்டால், ஓடும்போதே காய்ந்துவிடும்.

பேட்டரிதான் வசந்தத்தில் பலரை ஏமாற்றுகிறது. கார் பூட்டிக் கிடந்தாலும் அலாரமும் கம்ப்யூட்டரும் தூங்குவதில்லை. 30 மில்லிஆம்பியர் இழுத்தாலே 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மாதத்துக்குள் காலி. முழுச்சார்ஜ் உள்ள பேட்டரி கனடாவின் எந்தக் குளிரையும் தாங்கும். காலியானதோ பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடித்துவிடும். தானே சார்ஜ் ஏற்றித் தானே நிறுத்திக்கொள்ளும் சிறிய சார்ஜர் ஒன்றை மாட்டிவிட்டால் கவலையில்லை.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஆனால் டயர் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

எலிகளை எளிதாக எண்ணிவிடக் கூடாது. குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் எலிக்கு ஏர் ஃபில்டர் பெட்டி நல்ல வீடு. ஃபில்டரைக் கிழித்து மெத்தை போடும், வயரைக் கடிக்கும். வயரிங் முழுவதையும் மாற்ற நேர்ந்தால் பழைய காரின் விலையே போய்விடும். சைலன்சர் வாயையும் காற்று நுழையும் குழாயையும் ஸ்டீல் கம்பி நாரால் அடைத்து, அடைத்த இடங்களை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவையுங்கள். சிலர் அந்துருண்டை போடுகிறார்கள். அதன் வாடை இருக்கைத் துணியில் ஏறினால் கோடையிலும் போகாது. காரை மூட பிளாஸ்டிக் தாள் வேண்டாம். அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். காற்று புகும் துணி உறையே நல்லது.

காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி, சாலையில் ஓட்டுவதற்கான பகுதியை நிறுத்திவைத்தால் பிரீமியம் குறையும். திருட்டுக்கும் தீக்குமான பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிறுத்திவைத்த மாதங்களில் தெருமுனை வரைகூட காரை எடுக்கக் கூடாது.

ஏப்ரலில் கம்பி நாரை எடுத்து, ஃபில்டரைத் திறந்து பார்த்து, டயர் காற்றைச் சரிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு சில தடவை பிரேக் அழுத்தினால் போய்விடும். வெயிலைக் கண்டதும் கிளம்பிவிட வேண்டாம். சாலையோரம் உப்புத்தூள் வெள்ளையாகத் தெரிகிறவரை பொறுத்திருந்து, நல்ல மழை இரண்டு பெய்து அது கழுவப்பட்டபின் காரை வெளியே எடுங்கள்.