வேரில் மறைந்திருக்கும் எதிரி: தக்காளிச் செய்கையும் வட்டப்புழுத் தாக்கமும்

பகல் வெயிலில் தலைசாய்த்து மாலையில் மீண்டும் நிமிரும் தக்காளிச் செடியைக் காணும் விவசாயி, முதலில் நீர் போதவில்லை என்றே நினைக்கிறார். நீர் பாய்ச்சிய பின்னரும் செடி வாடினால் பசளை போதவில்லை எனக் கருதுகிறார். யூரியா இட்ட பின்னரும் இலைகள் மஞ்சளித்துச் செடி குட்டையாகவே நின்றால், கடைக்குச் சென்று ஏதேனும் ஒரு பூச்சிகொல்லியை வாங்கி வருகிறார். இவ்வாறு செலவிட்ட பணம் அறுவடையில் திரும்பி வருவதில்லை. அச்செடிகளுள் ஒன்றை மண்ணோடு கிளறி எடுத்து வேரைப் பார்த்திருந்தால், மணிமணியாகப் புடைத்த முடிச்சுகள் உண்மையைக் கூறியிருக்கும்.

இம்முடிச்சுகளை உண்டாக்குவது வேர்முடிச்சு வட்டப்புழு. தமிழகத்தில் இதனை நூற்புழு என்பர். 1855ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த வெள்ளரிச் செடிகளின் வேர்களில் இம்முடிச்சுகள் அவதானிக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டன. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் நீளமே உடையது, வெறுங்கண்ணுக்குத் தென்படாது. அது வேர்நுனியருகே உட்புகுந்து ஓரிடத்தில் நிலைகொண்டு, சுற்றியுள்ள கலங்களைப் பருக்கச் செய்து, செடிக்குரிய உணவைத் தனதாக்கிக் கொள்கிறது. வெப்பமான மண்ணில் மூன்று, நான்கு வாரங்களில் அதன் வாழ்க்கை வட்டம் நிறைவடைகிறது. ஒரு பெண்புழு சில நூறு முட்டைகளை இடுகிறது. ஆகவே ஒரே போகத்தில் பல தலைமுறைகள் பெருகிவிடுகின்றன. புழு துளைத்த வேரின் வழியாகப் பற்றீரியா வாடல் போன்ற நோய்களும் எளிதில் தொற்றுகின்றன.

அவரை இனப் பயிர்களின் வேரிலும் முடிச்சுகள் உண்டு; அவை நன்மை பயப்பவை. வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அவற்றை விரலால் உதிர்த்துவிடலாம். வட்டப்புழு முடிச்சோ வேரே வீங்கியதாகும். உதிர்க்க முயன்றால் வேர் அறுந்துவிடும். இந்த வேறுபாட்டை அறிந்து கொண்டால், நோயைக் கண்டறிய ஆய்வுகூடம் தேவைப்படாது.

மணற்பாங்கான மண்ணை இப்புழு பெரிதும் விரும்புகிறது. கற்பிட்டியின் மணல் நிலங்களும் வடக்கு, கிழக்கின் இளகிய மண் கொண்ட தோட்டங்களும் அதற்கு ஏற்ற இடங்களாகும். இங்கேதான் மருந்து பற்றிய கேள்வி பாரதூரமானதாகிறது. மண்ணிலுள்ள புழுவைக் கொல்ல இடப்படும் நஞ்சு மண்ணோடு நின்றுவிடுவதில்லை. யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறை வழியாகவும் கற்பிட்டியின் மணல் வழியாகவும் அது நிலத்தடி நீரைச் சென்றடையக் கூடும். தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே நீரையே சுரக்கின்றன.

உலக அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1950களில் அறிமுகமான டி.பி.சி.பி. என்னும் வட்டப்புழுக்கொல்லி, அதனை உற்பத்தி செய்த ஆண் தொழிலாளரிடையே மலட்டுத்தன்மையை ஏற்படுத்தியது 1977இல் கலிபோர்னியாவில் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது தடைசெய்யப்பட்டது. மண்ணைத் தொற்றுநீக்கப் பயன்பட்ட மெதைல் புரோமைட்டு ஓசோன் படையைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்கு அமைய வளர்முக நாடுகளில் அதன் விவசாயப் பாவனைக்கு 2015 இறுதி ஆண்டாக விதிக்கப்பட்டது. குறுணலாக இடப்பட்டு வந்த காபோபியூரானும் இன்று பல நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. நஞ்சினால் புழுவின் தொகை சில காலம் குறையலாம். அது நிலத்தை விட்டு அடியோடு நீங்குவதில்லை.

எனவே, செடி வாடிய பின் சிகிச்சை தேடுவதை விட நடுவதற்கு முன் காப்பதே அறிவுடைமையாகும். வட்டப்புழு தானாக நகர்வது மிகக் குறுகிய தூரமே. அதனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டு செல்பவர்கள் நாமே. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணும், வழிந்தோடும் நீரும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொற்றுள்ள நாற்றுகளுமே அதன் வாகனங்கள்.

ஆகவே காப்பு நாற்றுமேடையில் தொடங்க வேண்டும். மேடையின் மீது வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரிப்பது எமது விவசாயிகள் அறிந்த முறையே. மற்றொன்று, நன்கு நனைத்த மேடையை ஒளி புகும் மெல்லிய பொலித்தீனால் இறுக மூடி, கடும் வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவைப்பதாகும். 1970களில் இஸ்ரேலில் ஆய்வு செய்யப்பட்டுப் பரவிய இம்முறைக்குச் சூரியனே எரிபொருள். தட்டுகளில் சுத்தமான தும்புத்தூள் கலவையிட்டு நாற்று வளர்ப்பதும் நன்று. நாற்றை விலைக்கு வாங்குவோர் சிலவற்றின் வேரைக் கழுவிப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

அடுத்தது பயிர்ச் சுழற்சி. தக்காளிக்குப் பின் கத்தரி, அதன் பின் மிளகாய் அல்லது புகையிலை என்று மாற்றுவதைச் சுழற்சி எனப் பலர் நம்புகின்றனர். இவை யாவும் ஒரே குடும்பத்துப் பயிர்கள்; புழுவுக்கு இது விருந்தின் தொடர்ச்சியே. வெண்டி, பாகல், போஞ்சி ஆகியனவும் அதற்கு உகந்தவை. மாறாக, எள்ளும் பசுந்தாட் பசளைக்காக விதைக்கப்படும் சணலும் புழுவின் பெருக்கத்தைக் குறைக்கின்றன. செவ்வந்தியைச் செறிவாக நட்டாலும் பயனுண்டு. ஆனால் வரப்பில் நாலைந்து செடிகள் போதா. வெலிமடைப் பகுதியில் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் மரக்கறியும் செய்யும் வழக்கம் உண்டு. வயலில் வாரக்கணக்கில் தேங்கும் நீர், மண்ணில் ஒட்சிசனைக் குறைத்துத் தக்காளியைத் தாக்கும் புழுக்களை ஒடுக்குகிறது.

எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்களும் உள்ளன. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் கலப்பின முறையால் பெறப்பட்ட மரபணுவே அவற்றுட் பலவற்றுக்கு அடிப்படை. எனினும் மண்ணின் வெப்பநிலை 28 பாகை செல்சியசைத் தாண்டும்போது அம்மரபணுவின் ஆற்றல் தளர்ந்துவிடுகிறது. உலர் வலய விவசாயிகள் இதனை மறத்தலாகாது. வித்துப் பொதியை மட்டும் நம்பாது, செடியின் அடியில் வைக்கோல் மூடுபடையிட்டு மண்ணைக் குளிர்விப்பது அவசியம். வேப்பம் பிண்ணாக்கும் நன்கு உக்கிய சேதனப் பசளையும் புழுவைக் குறைப்பதோடு, அதற்கு எதிரான நுண்ணங்கிகளையும் வளர்க்கின்றன.

இறுதியாக, அறுவடை முடிந்ததும் செடிகளை வெட்டிவிட்டு வேரை மண்ணில் விட்டுவைத்தல் கூடாது. அவ்வேர்களிலேயே அடுத்த போகத்துக்கான முட்டைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கி எரிப்பதற்கு அரை நாள் உழைப்பே போதும். தோட்டத்தின் கீழே இருப்பது நாமும் எம் பிள்ளைகளும் பருகும் நீர். மருந்துக் கடைக்குப் போகும் முன் மண்வெட்டியை எடுத்து ஒரு செடியின் வேரைப் பார்ப்போமாயின், பயிரையும் பணத்தையும் மட்டுமன்றி அந்நீரையும் காத்தவர்களாவோம்.