ஆழ்கடலுக்கு அழைத்துச் செல்லும் பாடங்கள்



கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்பது நம்மில் பலரை வாட்டும் கேள்வி. இதற்கு விடை தேட அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் பிரிவைச் சற்றே நோக்குவோம்.

1955 ஜனவரியில் 'நாட்டிலஸ்' என்னும் நீர்மூழ்கி, உலகிலேயே முதன்முதலாக அணுசக்தியால் இயங்கிக் கடலில் சென்றது. அதனை உருவாக்கப் பெரிதும் உழைத்தவர் ரிக்கோவர் என்பவர். இன்று அந்நாட்டு நீர்மூழ்கிகள் யாவும் அணுசக்தியாலேயே இயங்குகின்றன. பண்டகப் பொறுப்பாளர் நீங்கலாக, அவற்றில் சேரும் அதிகாரிகள் அணு உலையை இயக்கக் கற்றே தீர வேண்டும். 1963-இல் 'த்ரெஷர்' நீர்மூழ்கி மூழ்கி 129 உயிர்கள் பலியாயின. ஆழ்கடலில் அறியாமைக்கு இடமில்லை அன்றோ!

ஆகவே பொறியியல், பௌதிகம், இரசாயனம், கணிதம் பயின்றோருக்கே அங்கு முதலிடம். எனில், வரலாறும் இலக்கியமும் பயின்றவருக்குக் கதவு அடைபட்டுவிட்டதா? இல்லை. நுண்கணிதத்தையும் பௌதிகத்தையும் ஓராண்டு வீதம் கற்று, நல்ல மதிப்பெண் பெற்றிருந்தால் அவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டத்தின் பெயரைவிட அதன் அடித்தளமே முக்கியம் என்பது இதனால் விளங்கும். அடுத்து, வாஷிங்டனில் நேர்முகத் தேர்வு. தேறியவர்க்கு அணுசக்திப் பள்ளியில் ஆறு மாதப் பாடம். பின்னர் உலையிலேயே ஆறு மாதப் பயிற்சி.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரை 1952-இல் ரிக்கோவரே தேர்வு செய்தார். 820 பேரில் 59-ஆவதாகத் தேறியதைக் கார்ட்டர் பெருமையுடன் கூறினாராம். பாராட்டு வரவில்லை, முழு முயற்சியுடன் படித்தாயா என்ற கேள்விதான் வந்தது. எப்போதும் அப்படிப் படிக்கவில்லை என்று கார்ட்டர் உண்மையை ஒப்புக்கொண்டார். ஏன் என்ற அடுத்த கேள்விக்கு அவரிடம் விடையில்லை. ஆயினும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நெடுங்காலம் பெண்களுக்கு இப்பணி மறுக்கப்பட்டிருந்தது. 2010-இல் அத்தடை நீங்கியது. 2011-இன் இறுதியில் முதல் பெண் அதிகாரிகள் நீர்மூழ்கிகளில் பணியேற்றனர். பண்டகப் பொறுப்பாளர் நீங்கலாக, கதவு திறந்த அன்று உள்ளே நுழைய முடிந்தது, கணிதத்தையும் பௌதிகத்தையும் முன்னரே கற்றிருந்தவர்களால்தான்.

தோழியரே! கணக்கு கடினம், பௌதிகம் நமக்கு வராது என்று நாமே நம் கதவை அடைத்துக்கொள்ளலாமா? எப்பாடத்தை எடுத்தாலும் அதன் அடிப்படையை ஐயமறக் கற்போம். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பெருக்கிக் காட்டுவோம்!