தாய்வழிக் குடியிருப்பும் பராமரிப்புச் சுமையும்: சித்தாண்டியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பிள்ளைகளை வளர்த்தலும் முதிய பெற்றோரைப் பேணுதலும் ஒருசேர ஒருவர்மீது விழும்போது, அவருக்குத் துணை எங்கிருந்து கிடைக்கின்றது? அன்பு, கடமை என்னும் சொற்களால் மட்டும் இவ்வினாவுக்கு விடை கூறிவிட முடியாது. யார் யாருக்கு அயலில், எவருடைய வீட்டில் வாழ்கின்றார் என்பதே துணையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துச் சித்தாண்டி போன்ற நெற்செய்கைக் கிராமங்களின் சமூக அமைப்பு இதனைத் தெளிவுறக் காட்டும்.

இப்பிரதேசத்திலே குடி தாய்வழியாகத் தொடர்வது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், இளைய பெண்களுடன் அதே வளவிலோ அயலிலோ வேறு வீடமைத்துக் குடிபுகுவது வழக்கம். முக்குவர் வழமைச் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வழக்கிழந்த பின்னரும், சீதன முறைமையினூடாக இவ்வமைப்பு நிலைத்தது. இதன் பயனாகச் சகோதரிகள் அயலவராயினர். தாய் நோயுற்றால் ஒருத்தி ஆஸ்பத்திரியில் நிற்பாள்; மற்றொருத்தி இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறூட்டுவாள். பெரியம்மா, சின்னம்மா என்னும் உறவுப்பெயர்களிலேயே தாய்மையின் பங்கீடு பொதிந்துள்ளது.

எனினும் இதனை இலட்சியப்படுத்துதல் தவறாகும். சுமை பகிரப்பட்டது பெண்களுக்கிடையில் மட்டுமே. சகோதரி இல்லாதவளுக்கும், பிரித்துக்கொடுக்க வளவு இல்லாத கூலி விவசாயக் குடும்பத்துக்கும் இவ்வரண் வாய்க்கவில்லை.

அவ்வரணும் பின்னர் சிதைவுற்றது. 1990இன் பின் போரும் இடப்பெயர்வும் மாவட்டமெங்கும் குடும்பங்களைச் சிதறடித்தன. கணவரை இழந்த பெண்கள் பலர் தனித்து உழைக்க நேர்ந்தது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், கரையோரத்தில் வீடுகளை வழங்கியோர் ஆணையே குடும்பத் தலைவராகக் கருதியமை, பெண்வழி வீட்டுரிமையோடு முரண்பட்டது. வறுமை பல தாய்மாரை மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாக அனுப்பியது. 2013இல் அரசு விதித்த குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் இவ்வாறு செல்வதைத் தடுத்தது. ஏனைய தாய்மாரிடம் மாற்றுப் பாதுகாவலரைக் கேட்டது. பெரும்பாலும் அப்பாதுகாவலர் அம்மம்மாவே. அவளுடைய முதுமையை யார் பேணுவது என்னும் வினா அதில் முதன்மை பெறவில்லை. 2022இல் விதி தளர்த்தப்பட்டதாயினும் வினா எஞ்சியே நிற்கின்றது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகின்றது. நடைமுறையில் “பிள்ளைகள்” என்பது எஞ்சியிருக்கும் ஒரு மகளாகவே சுருங்கிவிடுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி இலங்கையரில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இப்பங்கு மேலும் உயர்ந்தே வருகின்றது. உதவித்தொகை மருந்துச் செலவுக்குத் துணையாகலாம். வயலுக்குச் செல்லும் பெண்ணுக்கு அரைநாள் ஓய்வை அது தராது.

ஆகவே நாம் வேண்டுவது பழைய வளவுக்கு மீளுதலன்று. சகோதரியர் அன்று செய்த பணியை ஊர் பொதுவிலே ஏற்கவேண்டும். நெல் விதைப்பு, அறுவடை நேரங்களுக்கு இசைந்த பிள்ளைப் பராமரிப்பு நிலையம், முதியோர் பகற்பொழுதைக் கழிக்கும் இல்லம், வீடுதேடி வரும் மருத்துவத் தாதி ஆகியன உறவின் இடத்தைப் பறிக்கமாட்டா. உறவு முறியாதிருக்கவே உதவும். உறவினரின் அன்பைக் காட்டி அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்குமாயின், அவ்வன்பின் முழுவிலையையும் செலுத்துபவள் ஒரு பெண்ணே என்பதை நாம் மறத்தலாகாது.