ஒளியின் திறனைத் தீர்மானிக்கும் எல்லைப்பரப்பு

மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் பாலிமரைக் கண்டறிவது பாதி வேலையே. அதனுள் மின்சுமைகளைத் தடையின்றியும் சம அளவிலும் செலுத்துவதே மீதிப் பாதி. 1990-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஃபிரெண்ட் உள்ளிட்ட குழுவினர் பாலிமர் ஒளியுமிழ் டையோடை வெளியிட்டபோது அதன் திறன் மிகக் குறைவாக இருந்ததற்கு, இந்த இரண்டாம் பாதி நிறைவேறாததும் ஒரு முக்கியக் காரணமாகும்.

இவ்வகை டையோடில், ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுள்ள பாலிமர்ப் படலம் இரு மின்வாய்களுக்கு நடுவே அமைகிறது. ஒளி ஊடுருவும் இந்தியம் டின் ஆக்சைடு, எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான மின்துளைகளைச் செலுத்த, எதிர்ப்புறத்து உலோகம் எலக்ட்ரான்களைச் செலுத்துகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஒளி பிறக்கிறது. ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால், இணை சேராத சுமைகள் ஒளி தராமலே மறுமுனையை அடைகின்றன.

உலோகத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் வெளியேற்று ஆற்றல் எனப்படும். அலுமினியத்தில் அது ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட். பாலிமரில் எலக்ட்ரான் குடியேறும் மட்டமோ 3 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. இந்த இடைவெளி உயர்ந்த வாசற்படிபோல் எலக்ட்ரானைத் தடுக்கிறது. ஆகவே 1991-இல் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் பிரான், ஹீகர் ஆகியோர் 2.9 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட கால்சியத்தைப் பயன்படுத்தித் திறனை உயர்த்தினர். ஆனால் கால்சியம் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் விரைவில் வினைபுரிவதால், கடலூர் போன்ற கடலோரக் காற்றில் காப்புறையின்றி அது நிலைக்காது. 1997-இல் கோடாக் ஆய்வாளர்கள், ஒரு நானோமீட்டருக்கும் மெல்லிய லித்தியம் ஃபுளோரைடு அடுக்கை இடையில் வைத்தால், உறுதியான அலுமினியமே எலக்ட்ரான்களை எளிதில் செலுத்தும் எனக் காட்டினர். மின்துளைகள் நுழையும் பக்கத்தில், பெடாட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கடத்தும் பாலிமர், இந்தியம் டின் ஆக்சைடின் மேடுபள்ளத்தைச் சமன்செய்து தடையையும் தாழ்த்துகிறது.

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்தை ஒட்டியுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலும் இதே சிக்கல் ஆராயப்பட்டுள்ளது. பேராசிரியர்கள் ஜெயபாரதி, தணிகாசலம் ஆகியோரின் குழு, பாலிமருக்குப் பதிலாக இமிடசோல் வகைச் சிறு மூலக்கூறுகளை ஒளியுமிழ் பொருளாக உருவாக்கியதோடு, வெள்ளி கலந்த துத்தநாக ஆக்சைடைச் சேர்த்து அமைத்த கலப்பு டையோடுகளையும் ஆய்ந்துள்ளது. பொருள் வேறாயினும், சுமைகள் நுழையும் எல்லைப்பரப்பைச் செம்மைப்படுத்தும் தேவை இரண்டுக்கும் பொது.

புதிய ஒளிர்பொருளைத் தேடும் வேதியியலும் மின்வாயை ஆராயும் இயற்பியலும் ஒரே ஆய்வகத்தில் இணைந்தால்தான் குறைந்த மின்னழுத்தத்தில் நெடுநாள் ஒளிரும் விளக்கு கைகூடும். அந்த இணைப்பைக் கடலூர் மாவட்டக் கல்லூரிகள் இளநிலைப் பாடத்திலேயே தொடங்க வேண்டும்.