எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலான எல்லை

ஒரு படைப்பைப் பற்றிப் பேச வாசகருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை எங்கே முடிகிறது, எழுதியவரின் சொந்த வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் வரம்பே எழுத்தாளர் – வாசகர் எல்லை எனப்படுகிறது. இது இரு பக்கத்தாருக்கும் பொருந்தும். வாசகர் எழுத்தாளரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. எழுத்தாளரும் வாசகரின் கருத்தில் கை வைக்கக் கூடாது.

ஆரணி, பெரணமல்லூர்ப் பகுதியின் பட்டு நெசவைக் கொண்டு இதை எளிதாக விளக்கலாம். சேலையை விலை கொடுத்து வாங்கியவர், கரை சரியில்லை என்றோ சாயம் போகிறது என்றோ தாராளமாகச் சொல்லலாம். அக்கம்பக்கத்தாரிடம் அதை வாங்க வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் நெசவாளர் வீட்டுக்குள் புகுந்து தறியில் இருக்கும் நூலை அறுக்க அவருக்கு உரிமை இல்லை. அதுபோலவே, விற்றுவிட்ட சேலையை இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று நெசவாளரும் கட்டளையிட முடியாது.

கடிதக் காலம்

தமிழில் எழுத்தாளரும் வாசகரும் நெருங்கிப் பழகியது வார இதழ்களின் வழியாகத்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. கதை முடிந்தபின், இன்னின்ன பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு விளக்கம் தந்தார்.

ஜெயகாந்தனுக்கு வந்த எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. 1966இல் ஆனந்த விகடனில் வெளியான ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையில், அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, அவளைத் தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். இந்த முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஜெயகாந்தன் பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாசகரின் கோபம் எழுத்தை நோக்கி வந்தது. பதிலும் எழுத்தாகவே போனது.

வாசகர் கடிதத்துக்கு இயல்பாகவே இரண்டு தடுப்புகள் இருந்தன. ஒன்று, காலம். கடிதத்தை எழுதி, உறை வாங்கி, அஞ்சலில் சேர்ப்பதற்குள் கோபத்தில் பாதி தணிந்துவிடும். மற்றொன்று, இதழாசிரியர். எதை வெளியிடுவது, எதை எழுத்தாளரிடம் சேர்ப்பது என்பதை அவர் முடிவு செய்தார்.

இணையத்தில் மாறியவை

இணையம் வந்தபின் இந்த இரண்டு தடுப்புகளும் நீங்கின. நினைத்த நொடியில் எழுதலாம். அது நேரே எழுத்தாளரின் கைப்பேசிக்குப் போய்ச் சேரும். இது பெரும் நன்மைதான். சிற்றூரில் இருக்கும் ஒரு மாணவி, தான் விரும்பும் எழுத்தாளரிடம் நேரடியாக ஐயம் கேட்க முடிகிறது. அதே வழியில்தான் நள்ளிரவு வசவும் வருகிறது.

மூன்றாவதாக, நூலின் ஒரு பக்கம் மட்டும் தனியே பிரிந்து உலவத் தொடங்கியது. முழு நூலையும் படிக்காதவர்கள் அந்த ஒரு பக்கத்தைக் கொண்டே எழுதியவரை எடைபோடுகிறார்கள்.

நான்காவது மாற்றம் மனம் சார்ந்தது. தொலைக்காட்சியில் தோன்றுபவரைத் தம் நண்பராகவே பார்வையாளர் உணர்வதை, டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இல் விளக்கினார்கள். பார்வையாளருக்கு அவரைத் தெரியும். அவருக்குப் பார்வையாளரைத் தெரியாது. இதை ஒருதலை நெருக்கம் எனலாம். எழுத்தாளரின் அன்றாடப் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவருக்கும் இதே உணர்வு வரக்கூடும். ‘இவர் நம்மவர்’ என்ற எண்ணம் முற்றும்போது, பதில் வராத ஒரு செய்திகூடத் துரோகமாகத் தோன்றும்.

‘மாதொருபாகன்’ நிகழ்வு

எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்தில் நன்கு அறியப்பட்ட சான்று பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’. திருச்செங்கோட்டுப் பகுதியில், குழந்தையில்லாத ஒரு தம்பதி படும் துயரைப் பேசும் இந்த நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. 2014 டிசம்பரில் நிலைமை மாறியது. கோயில் திருவிழாவை ஒட்டிய ஒரு வழக்கத்தைச் சித்திரிக்கும் பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. தங்கள் ஊரும் பெண்களும் இழிவுபடுத்தப்பட்டதாகப் பலர் கொதித்தார்கள். நூல் எரிக்கப்பட்டது. எழுத்தாளருக்குத் தொலைபேசி மிரட்டல்கள் வந்தன. 2015 ஜனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது.

ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே அவர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார். அதன்பின் முகநூலில், எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்ற பொருளில் அறிவித்து, தம் நூல்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதாகவும் எழுதினார். நாமக்கல் அரசு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், குடும்பத்துடன் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

தம் ஊரின் பெயர் கதையில் வருவதைக் கண்டு ஒருவர் மனம் புண்படுவது இயல்பு. அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று ஆதாரத்துடன் மறுத்து எழுதலாம். நூலை வாங்காமல் விடலாம். வழக்குத் தொடுக்கலாம். இவை எல்லாம் எல்லைக்கு உட்பட்டவை. மிரட்டலும், ஊரைக் கூட்டிப் பணியவைப்பதும் எல்லைக்கு வெளியே உள்ளவை.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு, நாமக்கல்லில் எட்டப்பட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலைப் படிக்காமல் ஒதுக்கலாம். படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்றும் கூறியது. எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்ற விருப்பத்துடன் அத்தீர்ப்பு முடிந்தது. அவ்வாண்டே அவர் கவிதைத் தொகுப்புடன் எழுத்துக்குத் திரும்பினார்.

எழுத்தாளர் காக்க வேண்டிய எல்லை

எல்லையை மீறுபவர் எப்போதும் வாசகர் மட்டுமல்ல. அமெரிக்க எழுத்தாளர் கேத்லீன் ஹேல், தம் நாவலை இணையத்தில் கடுமையாக விமரிசித்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் வீட்டு வாசல்வரை சென்றார். 2014இல் ‘தி கார்டியன்’ இதழில் அவரே அதை எழுதியபோது, பலத்த கண்டனம் எழுந்தது.

வீடு வரை போகாமலும் எல்லையைத் தாண்டலாம். எதிர்மறை விமரிசனம் எழுதியவரின் பெயரைத் தம் பக்கத்தில் போட்டு, ஆதரவாளர்களை அவர்மீது ஏவுவது அவ்வகை. வாசகர் நம்பிச் சொன்ன சொந்தத் துயரை, அவரிடம் கேட்காமலே கதையாக்குவதும் அப்படித்தான். இளம் வாசகர்களின் வியப்பைப் பயன்படுத்தித் தனிப்பட்ட நெருக்கம் தேடுவது எல்லாவற்றிலும் மோசமான மீறல்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

1. முழு நூலையும் படித்தபின் கருத்துச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தின் படம் மட்டும் வந்தால், அதை மேலும் பரப்புவதற்கு முன் நூலைத் தேடுங்கள்.

2. ‘இந்த நாவலின் முடிவு நம்பும்படி இல்லை’ என்பது விமரிசனம். ‘இதை எழுதியவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்’ என்பது விமரிசனம் அன்று. பாத்திரம் பேசுவது எல்லாம் எழுதியவரின் கருத்தும் ஆகாது.

3. பதில் தருவது எழுத்தாளரின் கடமை அன்று. ஒருமுறை எழுதிப் பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

4. எழுத்தாளரின் முகவரி, கைப்பேசி எண், குடும்பப் படங்கள் ஆகியவற்றைப் பகிராதீர்கள். உங்களுடைய விவரங்களையும் அவரிடம் தராதீர்கள்.

5. எழுத்தாளர் ஒருவர் உங்களிடம் தனிப்பட்ட படமோ பணமோ கேட்டால், அல்லது உரையாடலை மறைத்து வைக்கச் சொன்னால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். புகார் அளிக்க அவையே சான்று.

சட்டமும் இந்த எல்லையைக் காக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு மிரட்டலைக் குற்றமாக்குகிறது. பெயரை மறைத்து மிரட்டினால் தண்டனை கூடும். விருப்பமின்மையைத் தெரிவித்த பின்னும் ஒரு பெண்ணைத் தொடர்வதும், அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் 78ஆம் பிரிவின்கீழ் குற்றம். பாதிக்கப்பட்டவர் எழுத்தாளராயினும் வாசகராயினும் இணையக் குற்றப் பிரிவுக் காவல் துறையிடம் புகார் செய்யலாம்.