ஜனவரியில் கடைசி... ஜூனில் சாம்பியன்!

2019 ஜனவரி 3 காலை. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல்.லில் அப்போது 31 அணிகள். புள்ளிப் பட்டியலில் 31-வது இடத்தில் இருந்தது செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 37 ஆட்டங்களில் 15 வெற்றி, 34 புள்ளிகள். தலைமைக் கோச்சை நவம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. எந்த வீரரை எந்த அணிக்கு விற்கப்போகிறார்கள் என்பதுதான் ஊரெங்கும் பேச்சு. அதே ஆண்டு ஜூன் 12 இரவு, அநேகமாக அதே வீரர்கள் பாஸ்டன் நகரில் ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள்.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் சொன்னால் அந்த மனிதர்கள் ஐந்து மாதம் பட்ட பாட்டுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். ப்ளூஸ் எப்படி ஜெயித்தது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், விளையாட்டைத் தாண்டியும் நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆட்டத்தின் அடிப்படை

200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளம். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. எடை சுமார் 170 கிராம்தான். பலமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஓட்டத்தின் வேகம் காரணமாக ஒரு வீரர் முக்கால் நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார், அடுத்தவர் இறங்குவார். முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராக நான்கு ‘லைன்’களாகப் பிரிந்து மாறி மாறி ஆடுவார்கள்.

அப்போது சீசனில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். முன்னணியில் வரும் 16 அணிகள் ‘ப்ளேஆஃப்’ சுற்றுக்குப் போகும். அங்கே நான்கு சுற்றுகள்; ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர். கோப்பை வேண்டுமென்றால் 16 ஆட்டங்களை ஜெயித்தாக வேண்டும்.

அரை நூற்றாண்டுக் காத்திருப்பு

மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான செயின்ட் லூயிஸுக்கு ப்ளூஸ் அணி வந்தது 1967-ல். 1968, 1969, 1970 என முதல் மூன்று சீசன்களிலும் ஃபைனலுக்குப் போனது. மூன்றிலும் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை. 12 ஆட்டங்கள், 12 தோல்விகள். 1970-ல் பாஸ்டனின் பாபி ஓர் வெற்றி கோலை அடித்துவிட்டுக் காற்றில் பறக்கும் புகைப்படம் ஹாக்கி உலகில் மிகப் பிரபலம். அந்தப் படத்தில் தோற்று நிற்கும் அணி ப்ளூஸ்தான்.

பிறகு 49 ஆண்டுகள் ஃபைனல் வாசலையே மிதிக்கவில்லை. 1983-ல் அணியின் அப்போதைய உரிமையாளரான ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம், கனடாவின் சஸ்கட்டூன் நகரக் குழுவுக்கு அணியை விற்க முயன்றது. லீக் அனுமதி மறுத்தது. அந்த ஆண்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நிகழ்ச்சிக்கு ப்ளூஸ் சார்பில் யாருமே போகவில்லை. ஒரு வீரரைக்கூட எடுக்கவில்லை. புது உரிமையாளர் ஹாரி ஆர்னெஸ்ட் வந்ததால்தான் அணி ஊரில் தங்கியது. 1980 முதல் 2004 வரை தொடர்ந்து 25 முறை ப்ளேஆஃப்புக்குத் தகுதி பெற்றும் கோப்பை கிடைக்கவில்லை.

2016-ல் அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸ், ஊரைவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. பெரிய அணிகளைப் பறிகொடுத்தே பழகிய ஊர் அது. ப்ளூஸ் மீது அந்த மக்கள் வைத்த பாசத்துக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

பயிற்சியிலேயே அடிதடி

2018 ஜூலை 1 அன்று பொது மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங் பெரிய பேரம் ஒன்றை முடித்தார். மூன்று வீரர்களையும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளையும் பஃபலோ அணிக்குக் கொடுத்துவிட்டு ரயன் ஓ'ரெய்லியை வாங்கினார். அதற்கு முன் முடிந்த சீசனில் பஃபலோ கடைசி இடம். தொடர் தோல்வியால் சில நேரங்களில் ஆட்டத்தின் மீதிருந்த ஆசையே போய்விட்டது என்று ஓ'ரெய்லி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கூடவே உள்ளூர்ப் பிள்ளை பேட் மரூனும் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அவருடைய மகன் செயின்ட் லூயிஸில் வளர்ந்துகொண்டிருந்தான். பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் மரூனுக்கு முக்கியம்.

எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது. ஆட்டமோ சொதப்பியது. 19 ஆட்டங்களில் 7 வெற்றி. நவம்பர் 19 அன்று கோச் மைக் யோ நீக்கப்பட்டார். டிசம்பர் 10 பயிற்சியின்போது சக வீரர்களான ராபர்ட் போர்ட்டுஸோவும் ஸாக் சான்ஃபோர்டும் கைகலப்பில் இறங்கினார்கள். அந்தக் காணொளி எங்கும் பரவியது. அணியைக் கலைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள் பலர். ஆம்ஸ்ட்ராங் கலைக்கவில்லை. அவர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது, முக்கிய வீரர்கள் யாரையும் விற்காமல் இருந்ததுதான்.

தற்காலிக கோச்

உதவிக் கோச்சாக இருந்த க்ரெய்க் பெரூபி தற்காலிகத் தலைமைக் கோச் ஆனார். கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்துச் சிற்றூரில் பிறந்தவர். வீரராக என்.எச்.எல்.லில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்டங்கள் ஆடியவர். முரட்டுத்தனமாக ஆடி, தண்டனையாக மட்டும் 3,000 நிமிடங்களுக்கு மேல் வெளியே உட்கார்ந்தவர்.

அவர் புதுப்புது வியூகம் எதையும் கொண்டுவரவில்லை, ஆட்டத்தை எளிதாக்கினார். பக்கை எதிரணி கோலுக்குப் பின்னால் உள்ள மூலைக்குத் தள்ளு. இரண்டு பேர் பாய்ந்து போய் அழுத்து. தடுப்பாளர்களைத் திரும்பத் திரும்பத் தங்கள் கோலைப் பார்த்தே ஓட வை. இந்த அழுத்தத்தின் பலன் ஓர் ஆட்டத்தில் தெரியாது. ஏழு ஆட்டத் தொடரில், ஐந்தாவது ஆட்டத்தில், எதிராளியின் கால்களில் தெரியும்.

இந்த முறைக்கு நான்கு லைன்களும் சமமாக உழைக்க வேண்டும். பல ஆண்டுகள் அணியின் நட்சத்திரமாக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீன், முகம் சுளிக்காமல் நான்காவது லைனுக்கு இறங்கினார். இளம் வீரர்களான இவான் பார்பஷெவும் ஆஸ்கர் சுந்த்க்விஸ்டும் அவருக்குத் துணை. ப்ளேஆஃப்பில் எதிரணியின் தலைசிறந்த லைனுக்கு எதிராகவே இந்த மூவரைப் பல முறை இறக்கினார் பெரூபி. சம்பளத்திலும் பெயரிலும் பெரியவர் தனக்குக் கிடைத்த சிறிய வேலையை முழு மனதோடு செய்தபோது, மற்றவர்கள் முணுமுணுக்க வழியே இல்லாமல் போனது.

நான்காவது கோல்கீப்பர்

ஜோர்டன் பின்னிங்டனை ப்ளூஸ் தேர்ந்தெடுத்தது 2011-ல். ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழ்நிலை லீக்குகளிலேயே காலம் ஓடியது. கோப்பை வென்ற சீசனுக்கு முந்தைய சீசனில், பாஸ்டன் அணியின் கிளையான பிராவிடன்ஸ் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 2018-19 தொடங்கியபோது ப்ளூஸின் வரிசையில் அவர் நான்காவது கோல்கீப்பர். முன்னால் இருந்தவர்களின் தடுமாற்றமும் காயமும்தான் வழிவிட்டன.

2019 ஜனவரி 7. ஃபிலடெல்ஃபியாவில், 25 வயதில், என்.எச்.எல்.லில் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு. ஒரு கோலும் விடவில்லை. ப்ளூஸ் 3-0 என வென்றது. அதன் பிறகு அவரை யாராலும் நகர்த்த முடியவில்லை. தொடங்கிய ஆட்டங்களில் 24 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக 1.89 கோல் மட்டுமே விட்டார். அதுவரை முதல் கோல்கீப்பராக இருந்த ஜேக் ஆலன், இடத்தை இழந்த பிறகும் பின்னிங்டனுக்குத் துணையாகவே நின்றார்.

அந்த ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ப்ளூஸ் வீரர்கள் ஐந்து பேர் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மதுக்கூடத்தில் டி.வி.யில் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை வரும்போதெல்லாம் லாரா பிரானிகன் பாடிய ‘குளோரியா’ என்ற 1982-ம் ஆண்டுப் பாட்டை ஒலிக்கவிட, கூட்டமே எழுந்து பாடியது. மறுநாள் ஜெயித்ததும் அதையே தங்கள் வெற்றிப் பாட்டாக ஆக்கிக்கொண்டார்கள். ஜனவரி 23 முதல் பிப்ரவரி 19 வரை தொடர்ச்சியாக 11 வெற்றிகள். அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாத சாதனை. செயின்ட் லூயிஸ் முழுக்க ‘குளோரியா’ ஒலித்தது. சீசன் முடிவில் 45 வெற்றி, 99 புள்ளிகள்.

ப்ளேஆஃப்: மூன்று மலைகள்

முதல் சுற்றில் வின்னிபெக். ஐந்தாவது ஆட்டம் 2-2 என நின்றபோது, 15 விநாடிகள் மீதமிருக்க ஜேடன் ஷ்வார்ட்ஸ் வெற்றி கோல் அடித்தார். அடுத்த ஆட்டத்தில் ஹாட்ரிக். 82 ஆட்டங்கள் கொண்ட சீசன் முழுக்க 11 கோல் மட்டுமே அடித்திருந்தவர், ப்ளேஆஃப்பில் மட்டும் 12 கோல் அடித்தார்.

இரண்டாவது சுற்றில் டல்லஸ். ஏழாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. டல்லஸ் கோல்கீப்பர் பென் பிஷப் 52 முறை தடுத்திருந்தார். அவரும் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். 19 வயது ராபர்ட் தாமஸ் அடித்த பக் கம்பத்தில் மோதி, பிஷப்பின் தலையில் பட்டு, கோல் கோட்டருகே விழுந்தது. பக்கத்தில் நின்ற மரூன் அதை உள்ளே தள்ளினார். மகனுக்காக ஊர் திரும்பிய அப்பா, சொந்த ஊர் அரங்கத்தில் அணியை அரையிறுதிக்கு அனுப்பிவைத்தார்.

அரையிறுதியில் சான் ஹோசே. மூன்றாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணி வீரர் பக்கைக் கையால் தள்ளிக் கொடுத்ததை நடுவர்கள் கவனிக்கவில்லை. அது கோலாகி, ப்ளூஸ் தோற்றது. அன்றைய விதிப்படி அதைக் காணொளியில் மறுபரிசீலனை செய்யவும் வழியில்லை. அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் விதியையே மாற்றினார்கள். ப்ளூஸ் வீரர்கள் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அந்த மூன்றிலும் சேர்த்து சான் ஹோசே அடித்தது 2 கோல்தான்.

பாஸ்டனோடு மோதல்

ஃபைனலில் எதிரே நின்றது, 1970-ல் தோற்கடித்த அதே பாஸ்டன். முதல் ஆட்டத்தில் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தடுப்பாளர் கார்ல் குன்னர்சன் அடித்த பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்துக்கு முந்தைய இடைவேளையில், கழிவறையில் பெரூபியைப் பார்த்தவர், இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்தால் போதும் என்றார். கிடைத்தது, அடித்தார். ஸ்டான்லி கோப்பை ஃபைனலில் ப்ளூஸ் பெற்ற முதல் வெற்றி அது.

மூன்றாவது ஆட்டத்தில் 7-2 என்ற படுதோல்வி. பின்னிங்டனைப் பாதியிலேயே வெளியே எடுக்க வேண்டிவந்தது. நான்காவதில் 43 விநாடிகளுக்குள் ஓ'ரெய்லி கோல் அடித்துத் தொடரைச் சமமாக்க வழிவகுத்தார். பாஸ்டனும் லேசுப்பட்ட அணியில்லை. அதன் கேப்டன் ஸ்டேனோ சாரா அந்த ஆட்டத்தில் தாடை உடைந்தும், அடுத்த ஆட்டத்திலேயே முகக்கவசத்தோடு இறங்கினார். ஐந்தாவது ஆட்டம் ப்ளூஸுக்கு, ஆறாவது பாஸ்டனுக்கு. எல்லாம் ஏழாவது ஆட்டத்தில் வந்து நின்றது. அதுவும் பாஸ்டன் மண்ணில்.

அந்த 20 நிமிடங்கள்

ஜூன் 12. தொடக்கம் முதலே பாஸ்டன் பாய்ந்தது. முதல் பகுதியில் கோலை நோக்கி வந்த 12 அடிகளையும் பின்னிங்டன் தடுத்தார். ப்ளூஸுக்குக் கிடைத்தவை நான்கே அடிகள். தடுப்பாளர் ஜே பௌமீஸ்டர் தூரத்திலிருந்து அடித்ததை ஓ'ரெய்லி மட்டையால் லேசாகத் திசை திருப்பினார். கோல்கீப்பர் டுக்கா ராஸ்கின் கால்களுக்கு நடுவே பக் நுழைந்தது.

பகுதி முடிய எட்டு விநாடிகள் இருந்தபோது ஷ்வார்ட்ஸ் பக்கை நடுவே கொடுக்க, எதிரே நின்ற பாஸ்டன் வீரர் பிராட் மார்ஷாண்ட் அந்த நேரம் பார்த்து பெஞ்சுக்குத் திரும்பினார். திறந்துகிடந்த வெளியில் கேப்டன் அலெக்ஸ் பியட்ராஞ்ஜலோ நிதானமாக முன்னேறி, மட்டையின் மறுபக்கத்தால் தூக்கி அடித்தார். 2-0.

மூன்றாவது பகுதியில் பாஸ்டன் வீரர் நார்ட்ஸ்ட்ரம் மிக அருகிலிருந்து அடித்த பக்கை, பின்னிங்டன் காலை முழுதாக நீட்டித் தடுத்தார். அது போயிருந்தால் ஆட்டம் திசைமாறியிருக்கலாம். பிறகு பிரேடன் ஷென் ஒரு கோல். நான்காவது கோலை அடித்தவர் ஸாக் சான்ஃபோர்ட். டிசம்பரில் பயிற்சிக் களத்தில் அடிபட்டவர். சீசன் தொடங்கும் முன்பு தந்தையைப் பறிகொடுத்தவர். ஃபைனலின் மூன்றாவது ஆட்டத்தில்தான் அணிக்குள் திரும்பியிருந்தார். 4-1. பின்னிங்டன் 32 முறை தடுத்திருந்தார்.

ப்ளேஆஃப்பின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது ஓ'ரெய்லிக்கு. விலா எலும்பு விரிசலோடு ஆடி, ஃபைனலின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் கோல் அடித்தவர் அவர். அரிய நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்று, டாக்டர்களின் அனுமதியோடு பாஸ்டனுக்கு வந்திருந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, பனித்தளத்தில் வீரர்களோடு நின்று கோப்பைக்கு முத்தமிட்டாள்.

ஜூன் 15 அன்று செயின்ட் லூயிஸின் மார்க்கெட் தெருவில் வெற்றி ஊர்வலம். 1967-ம் ஆண்டு முதல் அணியில் ஆடி, பிறகும் கிளப்பைவிட்டு விலகாத பாப் பிளேகர் அதில் வந்தார். இந்தத் தெருவில் இப்படியோர் ஊர்வலம் போக வேண்டும் என்பது அவரது வாழ்நாள் ஆசை. 2021 மார்ச்சில் அவர் காலமானார். ஆசை நிறைவேறிய பிறகே போனார்.

1967-க்குப் பிறகு, சீசனின் கால்வாசியைத் தாண்டியும் கடைசி இடத்தில் கிடந்த ஓர் அணி அதே சீசனில் கோப்பை வென்றது இதுவே முதல்முறை. மேலாளர் பதறவில்லை, கோச் வேலையை எளிதாக்கினார், மூத்தவர் கீழே இறங்கி வந்தார், காத்திருந்தவர் தயாராக இருந்தார். ஓர் அலுவலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வேண்டியவையும் இவைதான். வாய்ப்பு இருந்தால் அந்த ஏழாவது ஆட்டத்தின் முதல் பகுதியை மட்டுமாவது இணையத்தில் தேடிப் பாருங்கள். ஐஸ் ஹாக்கியின் விதிகள் தெரியாதவர்களுக்கும், ஓர் அணி என்றால் என்ன என்பது அந்த 20 நிமிடங்களில் புரிந்துவிடும்.